பல் வெண்மை ஜெல்: வீரியத்தைக் குறைப்பதே முதல் வேலை

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது, "பல்லை வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை எவ்வளவு குறைக்க முடியும்?" என்பதுதான். பல் மருத்துவர்கள் பூசும் ஜெல்களில் அது 40 சதவீதம் வரைகூட இருக்கும். ஈறில் பட்டால் அந்த இடம் வெந்து வெளுத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 6 சதவீதம். அதையே உங்கள் உச்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்த வீரியத்தை ஈடுகட்ட, ஒளி பட்டால் பெராக்சைடின் வேலையை முடுக்கும் வினையூக்கியாக, நைட்ரஜன் ஏற்றிய டைட்டானியம் டை ஆக்சைடு நுண்துகள்களைச் சேர்க்கலாம். சாதாரண வகைக்குப் புற ஊதா ஒளி தேவை. அதை வாய்க்குள் பாய்ச்ச நான் சம்மதிக்கவே மாட்டேன். நைட்ரஜன் ஏறியதற்கு நீல ஒளி போதும்.

அமிலத்தன்மையில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போமர் தூளை நீரில் கரைத்தால் பி.எச். (அமில அளவு; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம்) 3-ஐ ஒட்டி நிற்கும், 5.5-க்குக் கீழே எனாமல் கரையத் தொடங்கும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறுங்கள். கலங்கலான நீர் திடீரென இறுகிக் கண்ணாடிபோலத் தெளியும். 7-ஐ நெருங்கியதும் நிறுத்துங்கள். அந்த நிலையில் பெராக்சைடு விரைவில் சிதையும் என்பதால், அதைத் தனி சிரிஞ்சில் அடைத்து, பூசும் நேரத்தில் மட்டும் கலக்க வேண்டும். கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் சேருங்கள்.

நீல ஒளி பல்லைச் சூடாக்குகிறதா என்றும் பாருங்கள்: பிடுங்கிய பல்லின் கூழறைக்குள் (நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழ் இருக்கும் உள்ளறை) வெப்பமின் இரட்டையை, அதாவது வெப்பம் அளக்கும் மெல்லிய கம்பியை, செருகி நீல விளக்கைப் போடுங்கள். வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் பற்கூழ் சாகலாம் என்று 1965-இல் குரங்குகளில் நடந்த ஆய்வு காட்டியது. அதற்கு வெகு கீழேயே நில்லுங்கள்.

விளக்கில்லாமலும் அதே ஜெல்லைச் சோதியுங்கள். நிறத்தில் வித்தியாசம் இல்லையென்றால் விளக்கைக் கைவிடுங்கள்.