மின்னஞ்சல் சேவை மாறுதா? பழைய கடிதங்களை முதலில் இறக்கி வையுங்கள்

கனடாவிலிருந்து வந்த ஸ்பொன்சர் பத்திரம், காணி உறுதியின் ஸ்கான் பிரதி, பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் இவை இருக்கிற ஒரே இடம் யாரோ ஒருவரின் இன்பொக்ஸ்தான். சேவை நிறுத்தப்பட்டாலோ, வேலை மாறி அலுவலக முகவரி பறிபோனாலோ அவையும் சேர்ந்தே போய்விடும். போனில் எல்லாம் தெரிகிறதே என்று இருந்துவிடாதீர்கள். போன் பெரும்பாலும் ஐமப் (IMAP) முறையில் சேவரை, அதாவது சேவை நிறுவனத்தின் கணினியைத்தான் பார்க்கிறது. அங்கே அழிந்தது இங்கேயும் அழியும்.

வீட்டுக் கணினி ஒன்றில் இலவச மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டை நிறுவுங்கள். கொமினிகேஷன் கடைக் கணினி வேண்டாம். கடவுச்சொல்லும் கடிதங்களும் அங்கேயே தங்கிவிடும். பழைய கணக்கை ஐமப் ஆகச் சேருங்கள்: அமைப்பில் போர்ட் 993, பாதுகாப்புக்கு எஸ்எஸ்எல் (SSL) என்று கொடுங்கள். பொப் (POP) என்ற மற்ற முறை பெரும்பாலும் இன்பொக்ஸை மட்டும்தான் இறக்கும். நீங்கள் அனுப்பிய கடிதங்களும் தனியாகப் பிரித்து வைத்த ஃபோல்டர்களும் வராது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் ஏற்கவில்லையென்றால், இரண்டடுக்குப் பாதுகாப்புள்ள கணக்காக இருக்கலாம். சில சேவைகளில் அதற்கு 'அப் பாஸ்வேர்ட்' (மென்பொருளுக்கென்று வேறொரு கடவுச்சொல்) தனியாக எடுக்கவேண்டும். ஏதாவது ஃபோல்டர் தெரியாவிட்டால் கணக்கின் பெயரில் வலது கிளிக் செய்து 'சப்ஸ்க்ரைப்' பட்டியலில் தேடுங்கள்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். தண்டர்பேர்டில் கடிதம் தெரிந்தவுடன் வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். இன்னும் அது ஐமப் கணக்குத்தான். இடப்பக்கம் கீழே இருக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' மட்டுமே உங்கள் கணினிக்குச் சொந்தமானது. அதில் புதிய ஃபோல்டர் ஒன்று உருவாக்கி, கடிதங்களை ஐந்நூறு, ஆயிரமாகத் தெரிவுசெய்து 'கொப்பி' செய்யுங்கள். 'மூவ்' வேண்டவே வேண்டாம்: கரண்ட் போய் றவுட்டர் நின்றால் எது வந்தது, எது போனது என்று தேடி அலைய வேண்டிவரும். ஜீமெயில்காரர் 'ஓல் மெயில்' ஒன்றை மட்டும் கொப்பி செய்தால் போதும். ஒவ்வொரு லேபிளையும் (ஜீமெயிலில் ஃபோல்டர்போல் தெரிவது) தனித்தனியே எடுத்தால் ஒரே கடிதம் மூன்று நான்கு தடவை வந்து சேரும்.

ஜீமெயிலுக்கு இன்னொரு வழி, கூகிளிடம் உள்ள உங்கள் தரவின் பிரதியைக் கோரும் 'கூகிள் டேக்அவுட்' சேவை. கடிதங்கள் ஒன்றாகச் சேர்ந்து எம்பொக்ஸ் (mbox) கோப்பாக வரும். இறக்கும் லிங்க் சில நாட்களில் காலாவதியாகும் என்பதால், டேட்டா பக்கேஜ் மிச்சமிருக்கும் நேரம் பார்த்துக் கோருங்கள். எம்பொக்ஸைத் திறக்கத் தண்டர்பேர்டில் 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' என்ற கூடுதல் கருவி (அட்-ஓன்) உதவும்.

பிறகு சரிபாருங்கள். ஃபோல்டர் ப்ரொப்பர்டீஸில் கடித எண்ணிக்கை பழைய கணக்கோடு ஒத்துவருகிறதா? இணையத்தைத் துண்டித்துவிட்டு மிகப் பழைய கடிதங்கள் சிலவற்றோடு வந்த இணைப்புக் கோப்புகளைத் திறவுங்கள். திறக்காவிட்டால் தலைப்பு மட்டும்தான் இறங்கியிருக்கிறது.

பிரதியை வெளி வன்தட்டுக்கு மாற்ற, 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்து, தண்டர்பேர்ட் கடிதங்களைச் சேமிக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரைக் கண்டுபிடியுங்கள். தண்டர்பேர்டை மூடிவிட்டு முழு ஃபோல்டரையும் கொப்பி செய்யுங்கள். பழைய பென்ட்ரைவ் எஃப்ஏடி 32 (FAT32) என்ற முறையில் ஃபோர்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. இடம் காலியாக இருந்தும் 'கோப்பு பெரியது' என்று சொல்வது அதனால்தான். எக்ஸ்ஃபாட் (exFAT) ஆக ஃபோர்மட் செய்தால் ஏற்கும். ஆனால் ஃபோர்மட் செய்யும்போது உள்ளே இருப்பவை அழியும். அலுவலகக் கடிதங்களென்றால் எதை எடுத்துச் செல்லலாம் என்று முதலில் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

பழைய கணக்கை உடனே மூடாதீர்கள். வங்கி, ஃபேஸ்புக், விசா விண்ணப்பம் என்று அந்த முகவரி கொடுத்த இடமெல்லாம் புதியதைக் கொடுங்கள். இல்லாவிட்டால், அங்கே கடவுச்சொல் மறந்தால் மீட்புக் கடிதம் பழைய முகவரிக்கே போகும். ஒரு வருடத்துக்கு ஒருமுறைதான் கடிதம் அனுப்பும் இடங்களும் உண்டு, ஆகவே இரண்டு கணக்கையும் ஒரு வருடமாவது சேர்த்து வைத்திருங்கள். அந்தக் காலத்தில் இடையிடையே உள்ளே நுழைந்து பாருங்கள். 2 வருடம் தொடாத தனிப்பட்ட கணக்கைக் கூகிள் அழிக்கக்கூடும்.