கள்ளு குடிச்ச நாக்குக்கு பீப்பாய் பீர்

ஓக் மரப் பீப்பாயில ஊறுன புளிப்பு பீர ருசி பாத்து மார்க் போடணும்னா நம்ம பாலக்காட்டு சித்தூர், கோபாலபுரம் பக்கத்து ஆளுங்க மெரளவே வேண்டாம்ங்க, காலைல எறக்குன தென்னங்கள்ளு தித்திப்பா இருந்து சாயங்காலம் சுர்ருனு ஏறுறத பாத்து வளந்தவங்க நாம, அதே நாக்குதான் இதுக்கும் வேணும்.

ஐஸ் மாதிரி குளுர வச்சீங்கன்னா வாசமே வராது. 10-12 டிகிரி போதும், வாய் குறுகுன கிளாஸ்ல பாதிக்கும் கம்மியா ஊத்துங்க. அப்பறம் மூக்கு. வைக்கோல், பழைய தோல், மாட்டுக்கொட்டாய் மாதிரி ஒரு வாசம் வந்தா மொகம் சுளிக்காதீங்க, அது பிரெட்டனோமைசீஸ்ங்கற ஈஸ்ட்டோட வேல, எனக்கு ரொம்ப புடிச்சதே அதான். நெயில் பாலிஷ் நெடி குத்துச்சுன்னா மட்டும் குறைதான்.

இப்ப ஒரு வாய் எடுத்து நாக்குல உருட்டுங்க. தயிர் மாதிரி புளிச்சா லாக்டிக் அமிலம், தொண்டைல காடி (வினிகர்) மாதிரி எரிஞ்சா அசிட்டிக் அமிலம். பெல்ஜியத்துல பிளாண்டர்ஸ் ரெட்டுங்கற செவப்பு புளிப்பு பீர்ல கொஞ்சம் காடி இருக்கலாம், அது அந்த வகையோட கொணம், ஆனா பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக்ங்கற புளிப்பு பீர்ல அதே அளவு எரிச்சல் இருந்தா மார்க்க கொறைங்க. அங்க 1, 2, 3 வருஷ லாம்பிக்க கலந்துதான் கூஸ்ங்கற பீர பண்றாங்க, எளசான லாம்பிக்ல இருக்கற சக்கரையாலதான் பாட்டில்ல நொரை கட்டுது. முழுங்குனதுக்கப்பறம் நெல்லிக்கா கடிச்ச மாதிரி லேசா துவர்க்கும் பாருங்க, அது பீப்பாய் மரத்தோட வேல.

நடுவுல வெறும் கப்பக்கிழங்கு ஒரு துண்டு, தண்ணி, அவ்ளோதான். ஊறுகா பக்கம் போகாதீங்க. மிச்சத்த 20 நிமிஷம் அப்படியே வச்சு திரும்ப மோந்து பாத்துட்டு மார்க் போடுங்க.