ஸ்மார்ட் பேண்ட், மோதிரம் மாதிரி ஐடியா இருக்கா? முதல்ல கட்ட வெச்சுப் பாருங்க

புதுசா மணிக்கட்டுல கட்டுற ஒரு ஸ்மார்ட் பேண்டோ விரல்ல போடுற ஸ்மார்ட் மோதிரமோ செய்யலாம்னு ஐடியா இருந்தா "இது வந்தா வாங்குவீங்களா"ன்னு மட்டும் கேட்காதீங்க, முகத்துக்கு நேரா கேட்டா முக்கால்வாசிப் பேர் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க, அதை நம்பி சர்க்யூட் போர்டு வரைக்கும் போயிட்டா காசு போச்சு. "முன்னாடி வாட்ச், பேண்ட் எதாவது கட்டிட்டு பாதியில விட்டிருக்கீங்களா, ஏன்?"னு கேளுங்க. சார்ஜ் போட கழட்டினேன் திரும்பக் கட்டவே இல்ல, ஸ்ட்ராப் அடியில வேர்த்து அரிச்சுது, தூங்கும்போது உறுத்துச்சு... இந்தப் பதில்லதான் விஷயமே இருக்கு.

அடுத்தது டம்மி, அதாவது உள்ள எதுவும் வேலை செய்யாத வெறும் மாதிரி. 1996ல வந்த பாம் பைலட்ங்கிற கையடக்கக் கணினியை செய்றதுக்கு முன்னாடி அதை உருவாக்கின ஜெஃப் ஹாக்கின்ஸ் அதே சைஸ்ல ஒரு மரக்கட்டையை பாக்கெட்ல போட்டுட்டுத்தான் சுத்தினாரு. நீங்களும் எடை, தடிமன் சரியா வர்ற மாதிரி ஒண்ணு செஞ்சு 5 பேருக்கு ஒரு வாரம் கட்டிவிடுங்க. சட்டைக் கையில மாட்டுதா, பாத்திரம் கழுவும்போது கழட்டினாங்களான்னு தினமும் ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். வாரக் கடைசில நேர்ல பாக்கும்போது பேச்சைவிட மணிக்கட்டை நல்லா பாருங்க, சிவந்த தடம் பொய் சொல்லாது.

அந்த 5 பேரும் உங்க ஃப்ரெண்ட்ஸாவே இருக்கக் கூடாது. ஒல்லி மணிக்கட்டு, கருத்த தோல், டாட்டூ, வயசானவங்கன்னு கலந்து எடுங்க, ஏன்னா பின்னாடி நிஜ சென்சார் வைக்கும்போது இதெல்லாம் தெரியணும், உதாரணமா பச்சை லைட் அடிச்சு இதயத்துடிப்பு பாக்குற சென்சார் டாட்டூ மேல தடுமாறும். நிஜ சென்சார் வெச்சு டெஸ்ட் பண்ணா என்ன டேட்டா எடுக்குறீங்க, எப்போ அழிப்பீங்கன்னு முன்கூட்டியே சொல்லிட்டு சம்மதம் வாங்கிடுங்க.