முதல் கில்ட்: எதற்குச் செலவழிக்கலாம், எதை விட்டுவிடலாம்

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி அணியும், பின்புறம் கொசுவம் வைத்த, முழங்கால்வரை வரும் உடை. அங்கே அளவெடுத்துத் தைக்கும் முழுக் கம்பளிக் கில்ட் பொதுவாக 400 பவுண்டைத் தாண்டிவிடும். சுற்றுலாக் கடைகளில் தொங்கும் அக்ரிலிக் கில்ட் மலிவுதான்; ஆனால் துணி கனமில்லாததால் கொசுவம் நிற்காது, காற்றடித்தால் தூக்கும். கையில் காசு குறைவாக இருந்தால், எடின்பரோ, கிளாஸ்கோ வாடகைக் கடைகள் கழித்து விற்கும் பழைய கம்பளிக் கில்ட்டைத் தேடுங்கள்.

படி 1: அளவு

ஜீன்ஸ் அளவைச் சொல்லி வாங்காதீர்கள். கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கும்; அங்கே சுற்றளவு வேறு. மெல்லிய சட்டைமேல் டேப்பைச் சுற்றி இடுப்பையும், பின்புறம் அதிகம் புடைத்த இடத்தில் இன்னொரு சுற்றையும் எடுங்கள். நீளம், தொப்புளிலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை. இதை வேறொருவர்தான் அளக்க வேண்டும். நீங்களே குனிந்து பார்த்தால் டேப் நகர்ந்து கணக்கு தப்பும்.

போட்டுப் பார்க்கும்போது முட்டி போடுங்கள். கீழ்விளிம்பு தரையிலிருந்து ஓர் அங்குலம் உயரத்தில் நின்றால் நீளம் சரி.

படி 2: பழைய கில்ட்டைச் சோதிப்பது

முதலில் கீழ்விளிம்பு. நல்ல கில்ட்டில் அது மடித்துத் தைத்ததாக இருக்காது. தறியில் நெய்த கரையே விளிம்பாக இருக்கும். ஆகவே நீளத்தைப் பிறகு குறைப்பது பெரும்பாடு. நீளம் பொருந்தாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இடுப்பு அப்படியில்லை. பக்கிள்களை நகர்த்தித் தைத்தால் ஓரிரு அங்குலம் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

அடுத்து கொசுவம். ஒரு மடிப்பை விரித்துப் பாருங்கள்: உள்ளே ஆழமாகத் துணி போனால் நல்லது. முழுக் கில்ட்டுக்கு 8 கெஜம் துணி ஆகும். மலிவுச் சரக்கில் மிச்சம் பிடிப்பதே இங்குதான். துணியின் எடை கெஜத்துக்கு 13 அல்லது 16 அவுன்ஸ் என்றால் நன்றாகத் தொங்கும். கடைசியாக வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்; பூச்சி அரித்த ஓட்டை தெரிந்துவிடும்.

‘நமக்கு எந்தக் குலத்து டார்ட்டன் (கட்டம்போட்ட துணி வடிவம்)?’ என்று குழம்ப வேண்டாம். யாரும் அணியலாம். அரச குடும்பத்துக்கே உரிய பால்மோரல் போன்ற சிலதான் விலக்கு. கருநீலமும் கரும்பச்சையும் சேர்ந்த பிளாக் வாட்ச் எந்தச் சட்டைக்கும் பொருந்தும்.

படி 3: துணைப்பொருள்கள்

ஸ்போரன், அதாவது இடுப்புக்கு முன்னால் தொங்கும் சிறு பை, அவசியம்; கில்ட்டில் பை கிடையாதே! சாதாரணத் தோல் ஸ்போரன் ஒன்று போதும். அதன் வாரைப் பின்புறத்து இரு வளையங்களில் நுழைத்து, பெல்ட் பக்கிளுக்கு நாலு விரற்கடை கீழே தொங்கவிடுங்கள். நீளக் கம்பளிக் காலுறையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே மடித்துவிட வேண்டும். நழுவாமலிருக்க மடிப்புக்கு அடியில் எலாஸ்டிக் பட்டை. உங்களிடம் உள்ள கறுப்புத் தோல் ஷூ போதும். கயிறு சுற்றும் கில்லி ஷூவும் காலுறையில் செருகும் சிறு கத்தியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கில்ட்டின் முன்புறத்தில் இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கில்ட் பின் என்னும் அலங்கார ஊசியை மேல்மடலில் மட்டும் குத்துங்கள். அடிமடலோடு சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி கிழியும்.

புதிதாகத் தைத்து வந்த கில்ட் என்றால் கொசுவத்தைப் பிடித்திருக்கும் தற்காலிகத் தையல் நூலைப் பிரித்துவிட்டு அணியுங்கள். உட்காரும்போது பின்புறத்தைக் கையால் தடவி, கொசுவத்தைச் சமன்செய்துகொண்டு உட்காருங்கள்.