நில எடுப்பு நோட்டீஸ் வந்துவிட்டதா? வீட்டுக்கு என்ன கேட்க வேண்டும்?

விமான நிலையமோ நாலு வழிச் சாலையோ வருகிறது என்றால் ஊர்ப் பேச்சு முழுக்க சென்ட் விலையில்தான் போய் நிற்கும். வீட்டை யாரும் தனியாகக் கேட்பதில்லை. 2013 நில எடுப்புச் சட்டப்படி, இடிபடும் கட்டடத்தின் மதிப்பு இழப்பீட்டில் சேரும். குடியிருக்க மாற்று வீடு அதற்கு மேல் தனி உரிமை. முன்னதை வாங்கினால் பின்னது போய்விடாது.

1. எந்தச் சட்டம் என்று பாருங்கள்

நோட்டீஸின் தலைப்பிலேயே இருக்கும். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பது தமிழ்நாட்டின் 1997 தொழில்துறை நில எடுப்புச் சட்டத்தில். சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு அறிவிப்பு வந்தது 1956 தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில். எதுவானாலும் 2013 சட்டத்தின் இழப்பீட்டு, மறுவாழ்வு அட்டவணைகள் பொருந்தும். மாறுவது நடைமுறையும் கெடுவும்தான்: ஆட்சேபனைக்கு 2013 சட்டம் 60 நாள் தருகிறது, நெடுஞ்சாலைச் சட்டம் வெறும் 21 நாள். அதனால் நோட்டீஸ் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. உங்கள் வீட்டில் எத்தனை குடும்பம்?

ஒரே கூரை, ஒரே ரேஷன் கார்டு என்பதால் ஒரே குடும்பம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். விடாதீர்கள். 18 வயது நிரம்பியவர் ஆணோ பெண்ணோ, மணமாகாவிட்டாலும், தனிக் குடும்பம். கைம்பெண்களும் குடும்பத்தால் கைவிடப்பட்ட பெண்களும் அப்படியே. என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தில் அதிகம் கோட்டைவிடப்படுவது இந்த ஒரு வரிதான்.

3. ஆதாரம் சேருங்கள்

பட்டா உள்ளவர்களுக்குச் சிக்கல் குறைவு: பட்டா, பத்திரம், புல வரைபடம் போதும். சொந்த மனை இல்லாதவர்கள்தான் முனைந்து சேர்க்க வேண்டும். பாதிக்கப்படும் பகுதி என்று அறிவிப்பதற்கு முன் 3 ஆண்டு தொடர்ந்து அங்கே குடியிருந்து, இப்போது கிளம்ப வேண்டிவந்தால் அவர்களுக்கும் மாற்று வீடு உண்டு. ஆனால் அந்த 3 ஆண்டைக் காட்டியாக வேண்டுமே! வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, வாக்காளர் பட்டியல், கேஸ் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, நூறு நாள் வேலை அட்டை என்று பழைய தேதி போட்ட எதுவும் உதவும். வீடு, கிணறு, மாட்டுக் கொட்டகை, மரங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

4. மனு கொடுங்கள்

கணக்கெடுக்க வருபவரிடம் வாயால் சொன்னால் போதாது. நில எடுப்பு அலுவலருக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இப்படி எழுதலாம்:

"எங்கள் வீட்டில் ... தனிக் குடும்பங்கள் உள்ளன. கட்டடத்துக்கான இழப்பீட்டுடன், 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாற்று வீடும் மறுவாழ்வுத் தொகைகளும் வழங்கக் கோருகிறோம்."

அந்தத் தொகைகள்: ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய், சாமான் ஏற்றிப் போக 50,000, மறுகுடியமர்வுக்கு 50,000, கொட்டகையோ பெட்டிக்கடையோ இருந்தால் குறைந்தது 25,000. புது வீட்டின் முத்திரைத்தாள், பதிவுச் செலவு நிலம் கேட்கும் துறையைச் சேர்ந்தது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் கேளுங்கள். வீட்டுக்குப் பதில் பணம் வாங்கவும் கிராமத்தில் வழி உண்டு. அந்தத் தொகையில் பக்கத்தில் மனை கிடைக்குமா என்று விசாரிக்காமல் சம்மதிக்காதீர்கள்.

5. காசோலை வாங்கும்போது

தொகை குறைவு என்று தோன்றினால், கையெழுத்தோடு "ஆட்சேபனையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். 2013 சட்டப்படி அப்படி எழுதாமல் வாங்கியவர் பிறகு கூடுதல் கேட்டு முறையிட முடியாது. தீர்ப்பாணை (இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணை) சொல்லப்பட்டபோது நேரில் இருந்தவருக்கு அதற்குக் கெடு 6 வாரம். நெடுஞ்சாலை என்றால் நடுவரிடம் போக வேண்டும்.

6. காலி செய்யச் சொன்னால்

2013 சட்டத்தின் பிரிவு 38-ஐக் காட்டுங்கள். மறுவாழ்வு வேலைகளை முடித்துவிட்டுத்தான் குடும்பங்களை வெளியேற்ற வேண்டும், அதை உறுதிசெய்வது கலெக்டரின் பொறுப்பு என்கிறது அது. புது இடத்தில் ரோடு, குடிநீர், சுடுகாடு, ரேஷன் கடை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இல்லாததை, புது இடத்தில் இருக்க வேண்டிய வசதிகளைச் சொல்லும் மூன்றாம் அட்டவணையைக் குறிப்பிட்டு இன்னொரு மனுவாக எழுதி, அதற்கும் ஒப்புகை வாங்குங்கள்.