சீன அரச பட்டங்களைப் பிரித்துப் படிக்கும் முறை

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை எதைப் பிரித்தாலும் மழவராயர், வாண்டையார், சேதுராயர் என்று பெயருக்குப் பின்னே பட்டங்கள் நிற்கும். ஒரு காலத்தில் பதவியையோ சிறப்பையோ குறித்த அச்சொற்கள் இன்று குடும்பப் பெயர்களாகிவிட்டன என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீனப் பட்டங்களையும் அதே கண்ணோடுதான் அணுக வேண்டும். அரசனைக் குறித்த 'வாங்' என்ற சொல், இன்று அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று.

முதலில், சீனப் பட்டங்களுக்கு டியூக், ஏர்ல் என்று ஆங்கில நிகரன்களைப் போட்டு அச்சிட்ட பட்டியலை ஒதுக்கி வையுங்கள். முடியுடை வேந்தர் என்றும் வேளிர் என்றும் சங்கப் பாடல்கள் பிரிக்கும் பிரிவே நமக்கு நல்ல தொடக்கம். ஏறத்தாழ கி.மு. 11ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஜோ மரபில் வாங் என்பவர் மேலரசர். அவருக்குக் கீழே தத்தம் நிலத்தை ஆண்டவர்கள் 'ஜூஹோவ்'. ஆனால் வேளிர் தம் குடிவழி உரிமையால் ஆண்டவர்கள். ஜூஹோவ்களோ, கொள்கையளவிலேனும், வாங் கொடுத்த நிலத்தை ஆண்டவர்கள். ஒப்புமையை அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

அடுத்து ஜூஹோவ்களுக்குரிய பட்டங்களின் ஐந்து படிகளையும் மேலிருந்து கீழாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: கோங், ஹோவ், புவோ, த்ஸு, நான். உரோமன் எழுத்தில் இவற்றைப் பார்த்துப் படிப்பவர்கள் கோங், புவோ இரண்டின் முதலெழுத்துகளை 'காந்தி', 'பீமன்' என்பதில் வருவதுபோல் அதிரச் சொல்லிவிடுகிறார்கள். 'கல்', 'பல்' என்பவற்றில் வரும் ககரமும் பகரமுமே சீன ஒலிக்கு நெருங்கியவை. த்ஸு என்பதன் ஈற்றிலும் உதட்டைக் குவிக்கக் கூடாது. 'பாக்கு' என்னும்போது வரும் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஹோவ், புவோ, நான் மூன்றும் 'அப்படியா?' என்று கேட்கும்போது குரல் ஏறுவதுபோல் ஏற வேண்டும்.

பொருளை நினைவில் வைக்க உறவுமுறை உதவும். புவோ என்பதற்கு உடன்பிறந்தாரில் மூத்தவர் என்பதும் பொருள். 'புவோஃபு' என்றால் பெரியப்பா. த்ஸு என்றால் பிள்ளை. அதுவே ஆசானைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாகவும் வந்து, கன்பூசியசைக் 'கோங்த்ஸு' ஆக்குகிறது; இங்கே கோங் அவர் குடும்பப் பெயர், பட்டமன்று. (பிள்ளை என்பது நம்மிடமும் பட்டமாக இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) நான் என்பது ஆண்மகன், அந்த எழுத்தின் மேல்பாதி வயலையும் கீழ்ப்பாதி வலிமையையும் குறிக்கும். வயல் எழுத்து ஒரு சதுரம், நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள்: நாற்று நடுவதற்கு முன் வரப்பு போட்டுத் தண்ணீர் கட்டிய நம் வயலை மேலிருந்து பார்த்ததுபோல் இருப்பதால் ஒருமுறை எழுதினால் மறக்காது.

இனிதான் முக்கியமான வேலை. 'சீ ஹுவான் கோங்' என்ற பெயரை மூன்றாக வெட்டுங்கள். சீ என்பது நாடு. ஹுவான் என்பது அவர் இறந்தபின் சூட்டப்பட்ட சிறப்புப் பெயர். கோங் என்பது பட்டம். கி.மு. 685 முதல் 643 வரை ஆண்ட இவரைப் பழைய ஆண்டுக்குறிப்பு உயிரோடிருந்தபோது 'சீ ஹோவ்' என்றே, அதாவது ஒரு படி குறைத்தே, எழுதுகிறது. தம் நாட்டிலும் மறைவுக்குப் பின்னும் ஆட்சியாளரைக் கோங் என்பது மரியாதை வழக்கம். ஆகவே பெயரின் கடைசிச் சொல்லைப் பார்த்து உண்மையான படியை முடிவுகட்டக் கூடாது.

காலத்தைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. சீனத் தொடர் ஒன்றின் வசனத்தைக் கும்பகோணத்தில் நண்பர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது, வாங் வந்த இடமெல்லாம் 'மன்னர்' என்றேன். பேரரசர் உயிரோடிருக்க அவர் தம்பி எப்படி மன்னர் ஆனார் என்று ஒருவர் கேட்டதும் வாயடைத்துப் போனேன். கி.மு. 221இல் நாடுகளை ஒன்றாக்கிய சின் அரசர், வாங் போதாதென்று 'ஹுவாங்தி' என்ற புதுப்பட்டம் சூடினார். அதன்பின் வந்த ஹான் மரபில் வாங் பேரரசரின் மகன்களுக்கும் உறவினருக்கும் உரிய பட்டமாக இறங்கிவிட்டது. ஆகவே பிற்காலக் கதைகளில் அதை 'இளவரசர்' என்று பெயர்ப்பதே சரி.

ஹுவாங்தி பட்டம் வந்த அதே கி.மு. 221இல், அதுவரை யாரும் சொல்லக்கூடியதாயிருந்த 'ஜென்' என்ற தன்மைச் சொல்லும் பேரரசருக்கு மட்டும் உரியதாயிற்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்' என்று முதலாம் இராசராசன் பன்மையில் பேசுவதைப் படித்தவர்கள், ஜென் வரும் வாக்கியங்களை 'நாம்' என்று தமிழாக்கத் தயங்க வேண்டியதில்லை. ஜூஹோவ்கள் தம்மைச் சொல்லிக்கொண்ட 'குவாரென்' இதற்கு நேர்மாறு. 'அறத்தில் குறைந்தவன்' என்று தாழ்த்திப் பேசுவது அது.

ஒரு நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் என்று வைத்து, காலம், சொன்னவர், சொல்லப்பட்டவர் ஆகிய மூன்றையும் குறித்து வாருங்கள். முதல் பயிற்சியாக 'சூ ஜுவாங் வாங்' என்பதை வெட்டிப் பாருங்கள். சூ நாடு, ஜுவாங் இறந்தபின் வந்த பெயர், வாங் பட்டம். அவர் ஆண்டது கி.மு. 613 முதல் 591 வரை, அதாவது ஜோ மரபின் காலம்; அப்போது வாங் மேலரசருக்கே உரியது. பழைய ஆண்டுக்குறிப்பு அவரைச் 'சூ த்ஸு' என்று நான்காம் படியில்தான் நிறுத்துகிறது. வாங் என்பது சூ நாட்டார் தாமாகவே எடுத்துக்கொண்டது.