சி டிரைவில் இடமில்லையா? டி-யை வெட்டும் முன் இதைப் பாருங்கள்

சி டிரைவின் பட்டை சிவப்பானதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, டி-யில் சும்மா கிடக்கும் இடத்தைக் கொஞ்சம் வெட்டி இங்கே ஒட்டிவிடலாம் என்பதுதான். பொறுங்கள். இடத்தை எது தின்கிறது என்று முதலில் பாருங்கள்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் எது எத்தனை ஜிபி என்று பிரித்துக் காட்டும். டெம்பரரி ஃபைல்ஸில் தேவையில்லாததை நீக்கலாம், ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும், அதில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள் (நான் பார்க்காமல் அழுத்தியவன்). பெரிய அப்டேட் முடிந்த கையோடு என்றால் பழைய விண்டோஸை வைத்திருக்கும் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டர் பல ஜிபியை அடைத்துக்கொண்டிருக்கும். பழைய பதிப்புக்குத் திரும்பப் போவதில்லை என்றால் இங்கிருந்தே நீக்கிவிடலாம். விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரை மட்டும் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் கையால் அழிக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லையா? சரி, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். டி-யை ஷ்ரிங்க் செய்தால், அதாவது சுருக்கினால், 'அன்அலோகேட்டட்' (எதற்கும் ஒதுக்காத காலியிடம்) என்று ஒரு கறுப்புப் பட்டை வரும், ஆனால் அது டி-க்கு வலப்பக்கம் வரும். சி-யை நீட்ட வேண்டுமென்றால் காலியிடம் சி-க்கு வலப்பக்கம் ஒட்டியபடி இருக்க வேண்டும், நடுவில் டி உட்கார்ந்திருக்கிறது, அதனால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே கிடக்கும். கம்ப்யூட்டரில் கோளாறு ஒன்றும் இல்லை.

சி-யை ஒட்டியே டி இருந்தால், டி-யில் உள்ளதை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, இரண்டு மூன்று ஃபைலைத் திறந்தும் பார்த்துவிட்டு, டி-யை டெலீட் செய்யுங்கள். அப்புறம் சி-யை வேண்டிய அளவு நீட்டி, மிச்சத்தில் 'நியூ சிம்பிள் வால்யூம்' போட்டு டி-யைத் திரும்ப உருவாக்குங்கள். என்னைக் கேட்டால் இதுதான் சுத்தமான வழி.

சி-க்கும் டி-க்கும் நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் (கோளாறு வந்தால் விண்டோஸைச் சரிசெய்ய உதவும் பகுதி) இருந்தால் விண்டோஸின் இந்தக் கருவியால் அதை நகர்த்த முடியாது. டிஸ்கைப் பிரிக்க உதவும் இலவச மென்பொருளான ஜிபார்ட்டெட்டை யுஎஸ்பியில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்தால் நகர்த்தலாம். டி-யைக்கூட அழிக்காமல் வலப்பக்கம் தள்ளலாம், ஆனால் டேட்டா நிறைய இருந்தால் மணிக்கணக்கில் ஓடும், பாதியில் கரண்ட் போனால் டி-யில் இருப்பதே போய்விடக்கூடும். அதனால் லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள், நகல் எப்படியும் வேண்டும்.